படுத்துச் சுடும்போது ரைபிள் பட் தோளில் சரியாக எங்கே உட்கார வேண்டும்?

கேடட்_இரண்டாம்_ஆண்டு:

எல்லாருக்கும் வணக்கம். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், என்.சி.சி.யில் இருக்கிறேன். தல் சைனிக் கேம்ப்புக்கு (டி.எஸ்.சி., என்.சி.சி.யின் தேசிய அளவிலான முகாம்) அனுப்புவதற்கான பயரிங் தேர்வு சீக்கிரம் வரப்போகிறது, அதற்குள் ஒரு விஷயத்தைச் சரி செய்துகொள்ள வேண்டும், யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இதுவரை மூன்று தடவை ரேஞ்சுக்குப் போயிருக்கிறேன். மூன்றும் பாயிண்ட் டூ டூ (.22 ரைபிள்), 25 மீட்டர், படுத்த நிலை, தடவைக்கு ஐந்து குண்டு. மூன்று தடவையும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. முதல் மூன்று குண்டும் பக்கத்தில் பக்கத்தில் விழுகின்றன, ஒரு பெரிய நெல்லிக்காயால் மூடிவிடலாம். அடுத்த இரண்டும் அதற்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே போய், அங்கே அவை இரண்டும் ஒன்றாக உட்கார்ந்துகொள்கின்றன. இடம் வலமாக விலகவில்லை, மேலே மட்டும்தான். மொத்தமாக அளந்தால் க்ரூப், அதாவது ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி விழுந்த இரண்டு குண்டுக்கு நடுவிலான தூரம், எட்டு சென்டிமீட்டர் வந்துவிடுகிறது. எங்கள் பட்டாலியனில் ஐந்துக்குள் வந்தால்தான் பெயரையே எடுத்துக்கொள்வார்கள்.

பட் (ரைபிள் கட்டையின் பின்முனை) வைக்கிற இடம்தான் காரணம் என்று எனக்கே தோன்றுகிறது, ஆனால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பயிற்சி தருகிற உஸ்தாத் "தோளுக்குள் நன்றாக இழுத்து இறுக்கு" என்கிறார். ஒரு சீனியர் காரை எலும்பின் மேலேயே வை, எலும்பு அசையாது, ரைபிளும் அசையாது என்கிறார். இன்னொருவர் தோளும் கையும் சேருகிற இடத்தில் வைக்கச் சொல்கிறார். காரை எலும்பில் வைத்துப் பார்த்தேன், குண்டு வெடிக்கும்போது ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருந்தால் எலும்பு வலிக்கிறது, கவனம் அங்கே போய்விடுகிறது.

நான் கொஞ்சம் குள்ளம், ஐந்தடிதான். கட்டை எனக்கு நீளமாக இருக்கிற மாதிரி இருக்கிறது. அடுத்த குண்டு போட போல்ட்டை (ரைபிளின் தாழ்ப்பாளை) திறந்து மூடும்போது பட் தோளிலிருந்து கழன்று அக்குள் பக்கம் இறங்குகிறது, திரும்ப வைக்கிறேன், ஆனால் பழைய இடத்தில்தான் வைத்தேனா என்று எனக்கே தெரிவதில்லை. கன்னம் கட்டையில் படுகிற உணர்வும் மாறிவிடுகிறது.

எங்கே வைப்பது, எவ்வளவு இறுக்குவது, இரண்டையும் சொல்லுங்கள். நன்றி.


பழைய_303:

பாப்பா, நான் ஆயுதப்படையில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் கையில் கொடுத்தது முந்நூற்று மூன்று, அதாவது .303 லீ என்ஃபீல்டு. அதில் பட் தப்பான இடத்தில் இருந்தால் யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை, துப்பாக்கியே சொல்லித்தந்துவிடும். பயிற்சிப் பள்ளியில் என் முதல் பயரிங்கில் நான் பட்டைத் தோளில் வைக்காமல் புஜத்தில் வைத்துவிட்டேன், அதுவும் சரியாக ஒட்டாமல் ஒரு விரற்கடை இடைவெளியோடு. பத்து ரவுண்டு. அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தூக்க முடியவில்லை, புஜம் கத்திரிக்காய் நிறத்தில் கன்றிப்போய்விட்டது.

இடத்தைச் சொல்கிறேன். வலது கையை முன்னால் நீட்டி, எதிரில் இருக்கிறவரை அழைப்பது போல முழங்கையைக் கொஞ்சம் தூக்கு. இடது கை விரலால் காரை எலும்பைத் தடவிக்கொண்டே வெளிப்பக்கமாக வா. எலும்பு முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால், எலும்புக்குக் கீழே, ஒரு பள்ளம் விழும். அந்தப் பக்கம் தோள்மூட்டின் உருண்டை, இந்தப் பக்கம் மார்புச் சதை, நடுவில் பள்ளம். அதைத்தான் நாங்கள் தோள்குழி என்போம். பட் உட்கார வேண்டியது அங்கே. எலும்பின் மேலே இல்லை, புஜத்தில் இல்லை, அக்குளிலும் இல்லை. பட்டின் முழு முகமும் சதையில் பட வேண்டும், கீழ்முனை மட்டும் குத்திக்கொண்டு மேல்பாதி காற்றில் நிற்கக் கூடாது.

உங்கள் உஸ்தாத் சொன்னது சரிதான், நன்றாக இழுத்து வை. இடைவெளி இருந்தால் துப்பாக்கி வேகம் எடுத்து வந்து குத்தும், ஒட்டி இருந்தால் உடம்போடு சேர்ந்து தள்ளும். குத்துக்கும் தள்ளுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

கட்டை நீளம் என்றாயே, அது உன் கற்பனை இல்லை. லீ என்ஃபீல்டில் ஆள் உயரத்துக்குத் தகுந்த மாதிரி கட்டையே நான்கு அளவில் வந்தது. சாதாரண அளவுக்கு என், அரை அங்குலம் கூடுதலுக்கு எல், அரை அங்குலம் குறைவுக்கு எஸ், இன்னும் குட்டைக்கு பி என்று கட்டையிலேயே எழுத்து குத்தியிருக்கும். உங்கள் யூனிட்டில் டிரில்லுக்கு மட்டும் வைத்திருக்கிற, சுட முடியாத டி.பி. ரைபிள் பழைய .303 ஆக இருந்தால் பட் பிளேட் பக்கத்தில் தேடிப் பார், எழுத்து தேயாமல் இருந்தால் தெரியும். அந்தக் காலத்திலேயே ஆளுக்கு ஆள் தோளும் கையும் வேறு என்று யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.


கோவை_ஏர்ரைபிள்:

ஐயா சொன்ன இடம் மிகச் சரி, அதை மாற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் இறுக்குவது பற்றி எனக்கு வேறு கருத்து, இந்தத் தங்கை சுடுவது .303 இல்லை என்பதால் சொல்கிறேன். நான் பன்னிரண்டு வருடமாக 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறேன், இடையில் 50 மீட்டர் ப்ரோனும் (படுத்துச் சுடுவது) சுட்டிருக்கிறேன், கிளப்புக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லியும் தருகிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. .303 குண்டு ஏறக்குறைய 11 கிராம், நொடிக்கு 740 மீட்டர் வேகத்தில் போகிறது. பாயிண்ட் டூ டூ குண்டு 2.6 கிராம், வேகம் 330 மீட்டர் சுமார். எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால் குண்டு பின்னால் தள்ளுகிற தள்ளு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். .303 இல் தோளைக் காப்பாற்றிக்கொள்ள இழுத்து வைக்க வேண்டும். பாயிண்ட் டூ டூவில் தோளுக்கு ஒன்றும் ஆகாது, நாங்கள் சுடுகிற காற்றுத் துப்பாக்கியில் உதையே இல்லை என்று சொல்லலாம். அப்படியானால் பட் எங்கே இருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. உதை இல்லாத துப்பாக்கியில் பட் வைக்கிற இடம் வலிக்காக இல்லை, கண்ணுக்காக.

பட் தோளில் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதை வைத்துத்தான் கன்னம் கட்டையில் எங்கே படுகிறது என்பது அமைகிறது, கன்னம் படுகிற இடத்தை வைத்துத்தான் கண் பேக்சைட்டுக்கு (கண் பக்கம் இருக்கிற குறிபார்க்கும் பாகம்) நேராக இருக்கிறதா, மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பது. பட் ஒரு விரல் கீழே இறங்கினால் ரைபிள் முழுதும் உங்கள் தலையை விட்டுக் கீழே போகிறது, கண் சைட்டுக்கு மேலே நின்றுவிடுகிறது. மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு போர்சைட் (குழல் நுனியில் இருக்கிற குறி) முனை கொஞ்சம் கூடுதலாக எட்டிப் பார்க்கும். அதை இலக்கில் வைத்துச் சுட்டால் குண்டு மேலே. இரண்டு சைட்டுக்கும் நடுவே 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், போர்சைட் முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் உயர்ந்து தெரிந்தால் 25 மீட்டரில் குண்டு நான்கு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி விழும். உங்கள் ஐந்து சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

மேலும் கீழுமாகப் பரவுவதற்கு மூச்சும் ஒரு காரணம், படுத்த நிலையில் மூச்சு இழுத்தால் மார்பு உயர்ந்து முனை தாழும், விட்டால் முனை உயரும். ஆனால் மூச்சு காரணமாக இருந்தால் ஐந்து குண்டும் ஒரு கோடு போட்ட மாதிரி மேலிருந்து கீழே சிதறும். உங்களுக்கு அப்படி இல்லை. மூன்று ஓரிடம், இரண்டு ஓரிடம், இரண்டு தனித்தனிக் குடும்பம். அதாவது நடுவில் ஏதோ ஒரு தடவை ஒன்று மாறியிருக்கிறது, மாறிய பிறகு அப்படியே நின்றிருக்கிறது. மூன்றாவது குண்டுக்கும் நான்காவது குண்டுக்கும் நடுவில் என்ன செய்கிறீர்கள் என்று யோசித்துச் சொல்லுங்கள்.

இறுக்குவதற்கு வருகிறேன். வலது கையால் பின்னால் இழுத்துப் பிடித்தால் அந்தக் கை தசை வேலை செய்துகொண்டே இருக்கும். வேலை செய்கிற தசை ஒரே அளவில் இருக்காது, களைக்கும், நடுங்கும், ட்ரிகர் அழுத்துகிற விரலும் அதே கையில்தான் இருக்கிறது. அதனால் கையால் இழுத்து இறுக்காமல், ஸ்லிங் (இடது கையில் மாட்டுகிற ரைபிள் வார்) இறுக்கத்தாலும் உடம்பு படுத்திருக்கிற விதத்தாலும் பட் தானாகத் தோளில் அழுந்தி நிற்க வேண்டும். இடது முழங்கையை இருந்த இடத்திலிருந்து நகர்த்தாமல் உடம்பைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் படுத்தால் தோள் போய்ப் பட்டோடு சேரும். தோளைக் கொண்டுபோய்ப் பட்டில் வைப்பது என்று நினைத்துக்கொள்ளுங்கள், பட்டைக் கொண்டுவந்து தோளில் வைப்பது என்று இல்லை. வலது கையை முழுதாக எடுத்துவிட்டாலும் பட் தோளிலேயே நிற்க வேண்டும். நின்றால் இறுக்கம் சரி. விழுந்தால் ஸ்லிங் தளர்வு, இல்லையென்றால் உடம்பு பின்னால் இருக்கிறது.

எத்தனை அழுத்தம் என்பதைவிட ஐந்து குண்டுக்கும் அதே அழுத்தமா என்பதுதான் கேள்வி.

சோதித்துப் பார்க்க எங்கள் கிளப்பில் ஒரு வழி வைத்திருக்கிறோம். பட் பிளேட்டில் சாக்பீஸ் தேய்த்துவிட்டு, கறுப்பு நிறப் பழைய டீ ஷர்ட் போட்டுக்கொண்டு, குண்டில்லாமல் பத்துத் தடவை எடுத்து வைத்துப் பாருங்கள். பிறகு சட்டையைக் கழற்றிப் பார்த்தால் உண்மை தெரியும். பத்தும் ஒரே அச்சில் விழுந்திருந்தால் நல்லது. மாவு கொட்டின மாதிரி அகலமாகப் பரவியிருந்தால் ஒவ்வொரு தடவையும் வேறிடத்தில் வைத்திருக்கிறீர்கள். புதிதாக வருகிறவர்கள் யாருக்கும் முதல் நாள் ஒரே அச்சு விழுந்து நான் பார்த்ததில்லை.

10 மீட்டரில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் அகலம். அதனால் அந்த ரைபிள்களில் பட் பிளேட்டே மேலே கீழே ஏற்றி இறக்கித் திருகுகிற மாதிரி இருக்கும், ஆளுக்கு ஆள் அளவைக் குறித்து வைத்திருப்பார்கள். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினது இந்தப் பிரிவில்தான். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதில்தான். எந்த இறுதிச்சுற்றையும் எடுத்துப் பாருங்கள், குண்டு பாயும் நேரத்தைப் பார்க்காதீர்கள், அதற்கு முந்தைய இருபது நொடியைப் பாருங்கள். பட்டைத் தோளில் வைத்து, சரியா என்று உணர்ந்து, அப்புறம்தான் தலையை இறக்குவார்கள். தலையை முதலில் வைத்துவிட்டுப் பட்டைத் தேடுகிறவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

ஒன்று மறந்துவிட்டேன். நின்று சுடும்போது உடம்பு பக்கவாட்டில் திரும்பி இருப்பதால் பட் கொஞ்சம் வெளிப்பக்கமாக, கையை நோக்கி வரும். படுத்துச் சுடும்போது உடம்பு நேராக இருப்பதால் உள்பக்கமாக, கழுத்தை நோக்கி வரும். "தோளும் கையும் சேருகிற இடம்" என்று உங்களுக்குச் சொன்னவர் நின்று சுடுகிறவராக இருக்கலாம். அவர் சொன்னது அவருக்குச் சரி.


கேடட்_இரண்டாம்_ஆண்டு:

ரொம்ப நன்றி ஐயா, நன்றி அண்ணா. மூன்றாவது குண்டுக்கு அப்புறம் என்ன செய்கிறேன் என்று கேட்டீர்கள், யோசித்துப் பார்த்ததும் எனக்கே திக்கென்றது. மூன்று குண்டு முடிந்ததும் கழுத்து வலிக்கிறது என்று தலையைத் தூக்கி, கையை உதறி, ஒரு தடவை மூச்சு விட்டுவிட்டுத் திரும்பப் படுக்கிறேன். மூன்று தடவையும் அப்படித்தான் செய்தேன். முதல் மூன்றிலும் போல்ட் இழுக்கும்போது பட் கொஞ்சம் கழல்கிறது, ஆனால் கன்னம் கட்டையிலேயே இருப்பதால் ஏதோ பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது போல. தலையைத் தூக்கின பிறகுதான் எல்லாம் மாறுகிறது.

கழுத்து ஏன் வலிக்கிறது என்றும் சொல்லுங்கள். எனக்குப் படுத்துப் பழக்கம் இல்லாததாலா?


டி.எஸ்.சி_போன_அக்கா:

தங்கச்சி, உன் கேள்வியைப் படித்ததும் என்னையே பார்த்த மாதிரி இருந்தது. நானும் ஐந்தடி ஒன்றுதான், எனக்கும் கட்டை நீளம், நானும் கழுத்து வலியோடுதான் முதல் வருடம் முழுக்கச் சுட்டேன்.

கழுத்து வலிக்கிறது என்றால் பட் கீழே இருக்கிறது என்று அர்த்தம். பட் தோளில் தாழ்வாக இருந்தால் சைட்டைப் பார்க்க நீ தலையைக் கீழே கொண்டுபோக வேண்டும், கழுத்தை நீட்டி, நெற்றியைக் குனித்து, புருவத்துக்கு அடியில் இருந்து எட்டிப் பார்க்க வேண்டும். அப்படி எவ்வளவு நேரம் இருக்க முடியும்? பட்டை மேலே ஏற்றி வை. பட்டின் மேல்முனை காரை எலும்பைத் தொடாமல், அதற்கு நேர் கீழே, தோள்குழியின் உச்சியில் இருக்கட்டும். ரைபிள் உன் முகத்துக்கு வர வேண்டும், முகம் ரைபிளைத் தேடிப் போகக் கூடாது. சரியான உயரத்தில் இருந்தால் தலையைச் சும்மா சாய்த்தாலே கன்ன எலும்பு கட்டையில் வந்து படியும், தலையணையில் சாய்கிற மாதிரி.

இப்போது பையன்கள் யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். காக்கிச் சட்டையில் தோள்பட்டையில் பட்டன் இருக்கிறது, அதன் மேல் ஷோல்டர் டைட்டில் இருக்கிறது, மார்பில் பாக்கெட் மூடி, அதில் ஒரு பட்டன், உள்ளே பேனா. அதற்கும் அடியில் உள்ளாடையின் ஸ்ட்ராப், அதில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு பிளாஸ்டிக் வளையம். அந்த வளையம் சரியாகத் தோள்குழியில் வந்து நிற்கும். பட் அதன் மேல் அழுந்தினால் குத்தும், குத்தினால் உடம்பு நமக்குத் தெரியாமலே பட்டை இடம் மாற்றி வைத்துக்கொள்ளும், புஜத்துக்கோ அக்குளுக்கோ. எனக்கு ஆறு மாதம் அதுதான் நடந்தது, யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை, கேம்ப்பில் ஒரு மேடம் பார்த்துச் சொன்ன பிறகுதான் புரிந்தது. பயரிங் அன்று வளையம் இல்லாத அகல ஸ்ட்ராப் உள்ள ஸ்போர்ட்ஸ் வகையைப் போட்டுக்கொண்டு போ. வளையம் இருந்தால் அதை முதுகுப் பக்கம் தள்ளிவிடு. பாக்கெட்டைக் காலி செய். பின்னல் நீளமாக இருந்தால் தூக்கிக் கொண்டையாக அழுத்திக் கட்டு, வலது தோளில் விழுந்து பட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், அப்புறம் தலையைத் திருப்பவே முடியாது.

பட் வைக்கிறதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் இடது முழங்கையை ஊன்று, ஸ்லிங் இறுகட்டும். அப்புறம் வலது முழங்கையைத் தரையிலிருந்து நன்றாகத் தூக்கு. தூக்கும்போது தோள்குழி திறக்கும். வலது கையாலேயே கட்டையைப் பிடித்து அந்தக் குழியின் உச்சியில் வை. வைத்த பிறகு வலது முழங்கையை மெதுவாகத் தரையில் இறக்கு, சதை வந்து பட்டைச் சுற்றி மூடிக்கொள்ளும். வலது முழங்கையை முதலில் ஊன்றிவிட்டு அப்புறம் பட்டை உள்ளே திணித்தால் அது வழுக்கிக்கொண்டுதான் இருக்கும், என்ன இறுக்கினாலும் நிற்காது. நான் சுட்டதிலேயே எனக்கு அதிகம் உதவினது இந்த ஒரு மாற்றம்தான்.

போல்ட் இழுக்கும்போது முழங்கை ஊன்றினபடியே இருக்கட்டும், மணிக்கட்டையும் முன்கையையும் மட்டும் வைத்து இழு. கட்டை நீளமாக இருப்பதால் உனக்கு எட்டவில்லை என்றால் ரைபிளை வலது பக்கம் லேசாகச் சாய்த்துக்கொள், பட் தோளைவிட்டுப் பிரியாது. குழல் முனை எப்போதும் பட்ஸ் (டார்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்மேடு) பக்கமே இருக்கட்டும், அது உனக்குத் தெரியாதது இல்லை.

படுக்கிற விதம் பற்றி இன்னொன்று. உடம்பை ரைபிளுக்கு ரொம்பச் சாய்வாகப் போடாதே. சாய்வு கூடக்கூட வலது தோள் பின்னால் போகும். கொஞ்சம் நேராகப் படு, வலது முழங்காலைச் சற்று மேலே இழுத்துக்கொள். வயிறு தரையை விட்டு விலகும், மூச்சும் இதயத்துடிப்பும் ரைபிளுக்குப் போவது குறையும், வலது தோளும் முன்னால் வரும். உஸ்தாத் இரண்டு காலையும் நீட்டிக் குதிகாலைத் தரையில் படுக்க வைக்கச் சொன்னால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய், தேர்வு நேரத்தில் வாக்குவாதம் வேண்டாம்.


இடதுகை_நண்பன்:

இடையில் ஒரு சந்தேகம். எனக்கு எழுதுவது வலது கை, ஆனால் இரண்டு கண்ணையும் திறந்து விரலை நீட்டிப் பார்த்தால் இடது கண்தான் முந்துகிறது. பட்டை எந்தத் தோளில் வைப்பது?


கோவை_ஏர்ரைபிள்:

புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் கண்ணைப் பின்பற்றி இடது தோள். ஒரு மாதம் கை தடுமாறும், பிறகு பழகிவிடும். ஏற்கெனவே வலது தோளில் வருடக்கணக்கில் சுட்டிருந்தால் அதை மாற்றாமல், இடது கண்ணுக்கு முன்னால் ஒரு வெள்ளை அட்டையைத் தொங்கவிட்டுச் சுடுங்கள். கண்ணை இறுக்கி மூடாதீர்கள், மூடினால் திறந்திருக்கிற கண்ணும் சேர்ந்து களைக்கும். யூனிட் ரைபிளின் போல்ட் வலது பக்கம்தான் இருக்கும், இடது தோளில் வைத்தால் ஒவ்வொரு குண்டுக்கும் அதை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும், அதையும் யோசித்து முடிவெடுங்கள்.


பழைய_303:

கோவைத் தம்பி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இறுக்குவது பற்றி அவர் சொல்வது பாயிண்ட் டூ டூவுக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். எங்களுக்குச் சொல்லித்தந்தவர் நாங்கள் அடிபடக் கூடாது என்று சொல்லித்தந்தார், அவருக்கு அதுதான் முதல் கவலை. ஆனால் பாப்பா, நாளைக்கு உனக்கு இன்சாஸோ (ராணுவ ரைபிள்) வேறு பெரிய ரைபிளோ கையில் வந்தால் நான் சொன்னதை மறந்துவிடாதே, தளர்வாக வைக்காதே.

அப்புறம் வலது முழங்கையைத் தூக்கிவிட்டுப் பட் வைக்கிற விஷயம். அந்தப் பெண் எழுதியதைப் படித்ததும்தான் ஞாபகம் வந்தது, நாங்களும் அப்படித்தான் வைத்தோம், யாரும் அதை வார்த்தையாகச் சொல்லவில்லை, முன்னால் படுத்திருந்தவரைப் பார்த்துச் செய்தோம். இத்தனை வருடத்தில் நான் பயிற்சி கொடுத்த பையன்களுக்கு அதை ஒரு தடவைகூடப் பிரித்துச் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

குண்டில்லாமல் பழகுவது பற்றி ஒரு எச்சரிக்கை. கோத்திலிருந்து (ஆயுத அறையிலிருந்து) ரைபிள் எடுத்தால் உஸ்தாத் கண் முன்னால் மட்டும், குண்டு போடுகிற அறையைத் திறந்து காலி என்று காட்டின பிறகு மட்டும். பாயிண்ட் டூ டூவில் ஊசி குண்டின் விளிம்பில் அடிக்கிற வகை, காலி அறையில் திரும்பத் திரும்ப ட்ரிகர் தட்டினால் ஊசி அறையின் விளிம்பையே அடித்துத் தேய்க்கும். அதனால் பட் வைத்துப் பழகுவதற்கு டி.பி. ரைபிளே போதும். எடை கூட, அதுவும் நல்லதுதான்.


கேடட்_இரண்டாம்_ஆண்டு:

எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

பத்து நாள் டி.பி. ரைபிளில் தினமும் இருபது தடவை பட் வைத்துப் பழகினேன். சாக்பீஸ் வைத்து முதல் நாள் பார்த்தபோது சட்டையில் வலது பக்கம் முழுக்க வெள்ளை, புஜத்தில்கூட ஒரு கோடு இருந்தது, நான் அங்கே வைத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. ஆறாவது நாள் ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அச்சு, ஓரம் மட்டும் மங்கல். முழங்கையைத் தூக்கி வைத்து இறக்கினதும் பட் தானாகப் பூட்டிக்கொள்கிற மாதிரி இருக்கிறது அக்கா, முன்னால் அந்த உணர்வு வந்ததே இல்லை. ஸ்ட்ராப் வளையம் விஷயமும் அப்படியே உண்மை, எனக்குக் காரை எலும்பு வலி என்று நான் நினைத்தது பாதி அதுதான்.

நேற்று ரேஞ்ச். பயர் ஆரம்பிக்கும் முன்பே வலது கையை எடுத்துப் பார்த்தேன், பட் நின்றது. ஸ்லிங் மட்டும் இரண்டு ஓட்டை இறுக்கினேன். மூன்றாவது குண்டுக்குப் பிறகு கழுத்து வலிக்கவில்லை, அதனால் தலையைத் தூக்கவில்லை. நான்காவது குண்டுக்கு போல்ட் மூடும்போது பட் கழன்றது தெரிந்தது, இந்தத் தடவை தெரிந்தது, அதனால் அவசரப்படாமல் முழங்கையைத் தூக்கி முதலிலிருந்து வைத்தேன். பக்கத்து லேனில் எல்லாரும் முடித்துவிட்டார்கள், நான் மட்டும் படுத்திருந்தேன், கொஞ்சம் பதற்றமாகத்தான் இருந்தது.

டார்கெட்டை அளந்து 4.5 என்று உஸ்தாத் எழுதினார். ஐந்தும் ஒரே குடும்பம், ஆனால் எல்லாம் டார்கெட்டின் நடுக் கறுப்புக்கு இடது பக்கம் தள்ளி இருக்கின்றன. பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

இடது பக்கம் போவது சைட்டா, நான் படுத்திருக்கிற கோணமா? கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பார்த்தேன், முனை இலக்கின் இடது ஓரத்தில் நின்றது, நான் கையால் வலது பக்கம் தள்ளிச் சுட்டேன்.


கோவை_ஏர்ரைபிள்:

4.5, ரொம்ப சந்தோஷம்! உங்கள் கேள்விக்குப் பதிலும் நீங்களே எழுதிவிட்டீர்கள். கையால் தள்ளினீர்கள், ட்ரிகர் விழும் நேரம் கை தளர்ந்து ரைபிள் தன் இடத்துக்கே திரும்பியது. இடது முழங்கையை அச்சாக வைத்துக்கொண்டு இடுப்பையும் காலையும் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்துங்கள், முனை தானாக வலது பக்கம் வரும். ஒரு தடவைக்கு இரண்டு விரற்கடை நகர்த்தினால் போதும், ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடித் திறந்து பாருங்கள். நகர்ந்த பிறகு பட்டை முதலிலிருந்து வையுங்கள், முழங்கையைத் தூக்கி.